ஆலையின்றிப் பெருத்த நகரம்: லாகோஸ் வரலாறு



நகரம் எவ்வாறு தோன்றுகிறது என்று எந்த மாணவரைக் கேட்டாலும் விடை ஆயத்தமாக இருக்கும். ஆலைகள் எழுந்தன, வேலை தேடி நாட்டுப்புற மக்கள் வந்தனர், நகரம் வளர்ந்தது. மான்செஸ்டருக்கும் ஒசாகாவுக்கும் இவ்விடை பொருந்தும். நம் நாட்டுக்கும் ஓரளவு பொருந்தும். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு, மின்னியல் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்து நின்றதை நம் பெற்றோருள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் கடந்த எழுபது ஆண்டுகளில் உலகில் மிக விரைவாகப் பெருத்த நகரங்களுள் பல இந்த வழியில் வந்தவையல்ல. கின்ஷாசா, லுவாண்டா, லாகோஸ் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். கோலின், ஜெட்வாப், வோல்ராத் என்னும் மூன்று பொருளியலறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில் நகரங்களை உற்பத்தி நகரங்கள், நுகர்வு நகரங்கள் என இரு வகையாகப் பிரித்துக் காட்டினர். பொருள்களைச் செய்து விற்று வளர்வது முதல் வகை. எங்கோ தோண்டியெடுத்த எண்ணெய்க்கோ தாதுப்பொருளுக்கோ கிடைத்த பணத்தைச் செலவழிப்பதால் வளர்வது இரண்டாம் வகை. மக்கள்தொகை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வாழ்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இப்பதிவில் நைஜீரியாவின் லாகோஸ் நகரை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. நம் முன்னோர் காடழித்து நட்ட செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1917இல் சிலாங்கூரில் வணிக நோக்குடன் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். (செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.) செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த நைஜீரியாவை மலேசியா 1966இல் முந்தியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நைஜீரியா அந்த எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாகிவிட்டது. அங்கே நாட்டுப்புறத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு நகரத்தில் எது காத்திருந்தது என்பதை அறிவது நமக்குப் புறம்பான செய்தியன்று.

லாகோஸ் ஒரு தீவில் பிறந்த நகரம். சுற்றிலும் காயல், அதற்கப்பால் கடல். 1861இல் ஆங்கிலேயர் அதைத் தம் குடியேற்ற நாடாக்கிக்கொண்டனர். உள்நாட்டிலிருந்து கொக்கோவும் பனையெண்ணெயும் நிலக்கடலையும் இரயிலேறி வந்து கப்பலேறிச் செல்லும் வாயிலாக அது ஆயிற்று. சரக்கைக் கைமாற்றுவதே நகரின் தொழில். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் இருந்தனர். 1931இல் 1,26,000. 1952இல் 2,67,000. 1963இல் 6,65,000. நகராட்சி எல்லைக்கு வெளியே பெருகிய புறநகர்கள் இக்கணக்கில் சேரா.

இட நெருக்கடி முன்பே தொடங்கிவிட்டது. 1924இல் பரவிய கொள்ளைநோய் சில ஆண்டுகள் நீடித்ததையடுத்து, 1928இல் லாகோஸ் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெறும் நேரத்தில் தலைநகர் அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1955 முதல் தீவின் நடுப்பகுதியிலிருந்த பழைய குடியிருப்புகளை இடிக்கும் பணியை இவ்வாரியம் மேற்கொண்டது. மக்களுள் ஒரு பகுதியினர் நகருக்கு வெளியே சுருலேரேயில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பீட்டர் மாரிஸ் என்னும் சமூகவியலறிஞர் அவர்களைச் சந்தித்து எழுதிய நூல் 1961இல் வெளிவந்தது. புதிய வீடு காற்றோட்டமாக இருந்தது. தண்ணீர்க் குழாய் இருந்தது. ஆனால் பழைய தெருவில் வாசற்படியிலேயே கடை விரித்துப் பிழைத்த பெண்கள் வாடிக்கையாளரை இழந்தனர். பேருந்துக் கட்டணம் புதிய செலவாயிற்று. ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த உறவினர் பிரிந்தனர். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து வருவது ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். 1955 சனவரியில், லாகோசுக்குப் பின்னே விரிந்து கிடந்த மேற்கு வட்டாரத்தில், ஒபாஃபெமி அவோலோவோவின் அரசு அனைவருக்கும் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ நாலரை இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் எட்டு இலட்சத்தைத் தாண்டியது. ஆப்பிரிக்கக் கல்வி வரலாற்றில் இது ஒரு மாபெரும் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளியை முடித்து வெளியே வந்தபோது அவர்கள் முன் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, தந்தையின் கொக்கோத் தோட்டம். உலகச் சந்தையில் கொக்கோவுக்குக் கிடைத்த விலையில் ஒரு பகுதியை அரசின் கொள்முதல் வாரியம் பிடித்துக்கொண்டு மிச்சத்தையே உழவனுக்குக் கொடுத்தது. 1968, 69ஆம் ஆண்டுகளில் அவ்வட்டார உழவர்கள் வரிச்சுமை தாங்காமல் கிளர்ந்தெழுந்தனர் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். மற்றொன்று, நகரம்.

எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இபாடானுக்கும் லாகோசுக்கும் சென்றனர். மாமன் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் தங்கி எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினர். கால்லவே என்னும் பொருளியலறிஞர் 1963இலேயே, பள்ளி முடித்தோரிடையே பெருகிய வேலையின்மை பற்றி விரிவாக எழுதினார். கல்வி அவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று அன்று பலர் பழி கூறினர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உழவனுக்குரிய விலை கிடைக்காத ஊரில் ஒரு பிள்ளை மண்வெட்டியை விட்டுச் செல்வது சோம்பலன்று, கணக்குத் தெரிந்த செயல். குறை பள்ளியில் இல்லை. பள்ளிக்கு அப்பால் எதுவும் கட்டப்படவில்லை என்பதில் இருந்தது.

பிறகு எண்ணெய் வந்தது. 1956இல் நைஜர் கழிமுகத்தின் ஒலோய்பிரியில் கண்டெடுக்கப்பட்டு 1958இல் ஏற்றுமதியான கச்சா எண்ணெய், உள்நாட்டுப் போர் முடிந்த 1970க்குப் பிறகு பெருக்கெடுத்தது. 1973-74இல் உலகச் சந்தையில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய் ஒன்றிலிருந்தே கிடைத்தது. எண்ணெய்த் துரப்பணத்துக்குப் பணியாளர் மிகச் சிலரே போதும். ஆனால் அதன் பணம் முழுவதும் தலைநகரான லாகோசின் கருவூலத்தில் வந்து இறங்கியது. அமைச்சகங்கள் பெருகின. ஒப்பந்தங்கள் பெருகின. 1974இல் உடோஜி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு ஊழியரின் ஊதியம் பெருமளவு உயர்த்தப்பட்டு, நிலுவைத் தொகையும் மொத்தமாக வழங்கப்பட்டது. அப்பணம் கடைத்தெருவுக்கு வந்தது. கடைத்தெரு மக்களை அழைத்தது.

நாணயத்தின் மதிப்பு உயர்ந்திருந்ததால் வெளிநாட்டு அரிசி, துணி, காலணி யாவும் மலிவாகக் கிடைத்தன. எனவே உள்நாட்டில் விளைவிப்பதும் செய்வதும் கட்டுப்படியாகவில்லை. நிலக்கடலையும் செம்பனையும் சரிந்தது இப்படித்தான். சிமெண்டு கதை இதனினும் விந்தையானது. 1975இல் நைஜீரிய அரசின் பல துறைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆணை கொடுத்திருந்தன. லாகோஸ் துறைமுகமோ ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் சிமெண்டை இறக்கவே திணறும். நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுக் காத்துக்கிடந்தன. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் நைஜீரியா தாமதக் கட்டணம் செலுத்தியது. மூட்டைகள் சில கப்பலிலேயே இறுகிக் கல்லாயின. அவ்வாண்டு சூலையில் ஆட்சியும் கவிழ்ந்தது.

லாகோசில் ஆலைகளே இல்லை என்று நான் கூறவில்லை. இக்கெஜாவிலும் அப்பாப்பாவிலும் தொழிற்பேட்டைகள் உண்டு. நைஜீரிய ஆலைத் தொழிலில் பெரும்பங்கு இந்நகரைச் சுற்றியே உள்ளது. ஆனால் அவற்றுட் பல, வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டித் தருபவை. 1980களில் எண்ணெய் விலை விழுந்தபோது பாகம் வாங்கவே அந்நியச் செலாவணி இல்லை. 1985இல் ஏறத்தாழ ஒரு டாலருக்கு ஒரு நைரா என்றிருந்த நிலை, 1986இன் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டத்துக்குப் பின் 1987இல் டாலருக்கு 4 நைரா என மாறியது. ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தன, சில மூடப்பட்டன. ஆனால் மக்கள் ஊருக்குத் திரும்பவில்லை. மேலும் மேலும் வந்தனர். 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு லாகோஸ் மாநிலத்தில் 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்வதாகக் கூறியது. மாநில அரசு அதை ஏற்க மறுத்துத் தன் கணக்கில் 1 கோடியே 75 இலட்சம் என்றது. இரண்டு கணக்குகளுக்கும் இடையில் ஒரு கோலாலம்பூருக்கு மேல் தொலைந்து போயிற்று!

தொழிற்சாலை ஒரு நகரத்துக்கு வேலையை மட்டும் கொடுப்பதில்லை. ஒரு சம்பளச் சீட்டையும் கொடுக்கிறது. அதில் வரி பிடிக்கப்படுகிறது. அதனால் அரசு அத்தொழிலாளியைக் கணக்கில் கொள்கிறது. நம் நாட்டில் 1951 முதல் ஊழியர் சேமநிதியும் அச்சீட்டில் இடம்பெறுகிறது. தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. நாளை இவ்வேலை இருக்கும் என்ற நம்பிக்கையில் அவனால் வீட்டுக்கடன் வாங்க முடிகிறது. அவன் வரி செலுத்துபவன் என்பதால் ‘என் தெருவுக்குத் தண்ணீர் எங்கே?’ என்று கேட்கவும் இடமுண்டு. எண்ணெயை விற்று வாழும் அரசுக்கு மக்களின் வரி தேவைப்படவில்லை. தலைச்சுமையாகத் தக்காளி விற்கும் பெண்ணை அது எண்ணவுமில்லை. அவளுக்கு எதுவும் தரக் கடமைப்பட்டதாக உணரவுமில்லை. லாகோசின் துயரங்களைத் தொடர்ந்து படித்தபோது, பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் உள்ளதாக எனக்குத் தோன்றியது.

அரசு தராததை மக்கள் தாமே செய்துகொண்டனர். ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே ஒரு நகராட்சி என்று நைஜீரியர்கள் கசப்போடு சொல்வதுண்டு. குழாய்த் தண்ணீர் வராத வீடுகளில் கிணறு தோண்டினர். வசதி படைத்தோர் ஆழ்துளை போட்டனர். பாதாளச் சாக்கடை இல்லாததால் அதே மனையில் கழிவுத்தொட்டியும் இருந்தது. ஒன்றின் நீர் மற்றொன்றில் கசிந்தது. கடலோரத்தில் ஆழத்திலிருந்து நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறியது. கிணற்று நீரைக் குடிக்க அஞ்சியவர்கள் நெகிழிப் பையில் அடைத்த தண்ணீரை வாங்கினர். குடித்து எறிந்த பைகள் வடிகாலை அடைத்தன. வடிகால் அடைந்ததால் மழைநீர் வீட்டுக்குள் புகுந்தது. 2011 சூலை 10ஆம் நாள் பெய்த பெருமழையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் செய்ததும் அறிவுடைய செயலே.

மின்சாரமும் அப்படியே. மின்வாரியத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘நெப்பா’வுக்கு, ‘எப்போதும் மின்சாரத்தை எதிர்பாராதே’ என்று பொருள்படும்படி மக்கள் புது விரிவு கண்டனர். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வந்தது. மிக மலிவான சிறு ஜெனரேட்டருக்கு அங்கு வழங்கும் பட்டப்பெயர் ‘அண்டை வீட்டாரைவிட நான் மேல்’ என்பதாகும்! அதன் புகையோ அண்டை வீட்டுச் சன்னல் வழியாகத்தான் செல்கிறது. லாகோசின் காற்று மாசினால் 2018இல் மட்டும் ஏறத்தாழ 11,200 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்திருக்கக்கூடும் என்று உலக வங்கியின் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். வாகனப் புகை, ஆலைப் புகை, ஜெனரேட்டர் புகை மூன்றும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. சில ஆலைகளே இருந்தும் ஆலைப் புகை மட்டும் குறைவின்றிக் கிடைத்தது.

மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட விதத்தையும் கூறாவிட்டால் இவ்வரலாறு ஒருதலையாகிவிடும். யொரூபா மக்களிடையே ‘எசுசு’ என்றொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. குழுவாகச் சேர்ந்து பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத் தொகையை எடுப்பர். நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் கூட்டுப் பணமேதான்! ஊர்ச் சங்கங்கள் ஈமச்சடங்கையும் பள்ளிக் கட்டணத்தையும் ஏற்றன. ஊரிலிருந்து வந்த பையன்கள் வணிகரிடமோ பட்டறைக்காரரிடமோ சில ஆண்டுகள் ஊதியமின்றிப் பழகுநராக இருந்து தொழில் கற்றனர். இத்தனைக்கும் நடுவில் இடம் கிடைக்காத இளைஞர்கள் பேருந்து நிலையங்களில் ஓட்டுநரிடம் பணம் பறிக்கும் கும்பல்களாயினர். ‘ஏரியா பாய்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். ஆயிரமாயிரம் பேர் ‘ஓகாடா’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைத்தனர். 2012இலும் 2020இலும் அரசு ஓகாடாவுக்குக் கடும் தடை விதித்தது. விபத்துகளைக் காட்டி விதித்த தடையில் நியாயம் இருந்தது. மாற்று வேலைதான் இருக்கவில்லை.

திட்டமிட்டவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார். 1979இல் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லத்தீஃப் ஜகாண்டே, பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளைகளாகப் பிரிந்து படித்த பள்ளிமுறையை ஒழிக்க விரும்பினார். மலிவான பொருள்களைக் கொண்டு விரைவாக வகுப்பறைகளை எழுப்பினார். கோழிக்கொட்டகைகள் என்று எதிர்ப்பாளர்கள் ஏளனம் செய்தனர். கொட்டகையோ கோபுரமோ, காலையில் எல்லாப் பிள்ளைகளும் அமர இடம் கிடைத்ததே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் தொடங்கிய நகர இரயில் திட்டத்தை 1985இல் இராணுவ அரசு கைவிட்டு, ஒப்பந்த நிறுவனத்துக்கு இழப்பீடும் கொடுத்தது. லாகோஸ் மக்கள் நகர இரயிலில் பயணம் செய்ய 2023 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

நிலத்தின் கதை இவற்றினும் கொடியது. ஏழைகள் சதுப்பில் குடியேறினர். மணலும் மரத்தூளும் குப்பையும் கொட்டி அடியடியாக நிலத்தை உயர்த்தினர். உயர்ந்த நிலத்துக்கு மதிப்பு வந்ததும் வெளியேற்ற ஆணையும் வந்தது. விக்டோரியா தீவை அடுத்த மரோக்கோவில் வாழ்ந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு 1990 சூலையில் ஏழு நாள் தவணை கொடுக்கப்பட்டது. பின்னர் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. அங்கே செல்வர்களின் மாளிகைகள் எழுந்தன. தலைநகர் அபுஜாவுக்கு 1991 திசம்பரில் மாறிய பிறகும் நிலத்தாகம் தணியவில்லை. செல்வர்களும் காயலையும் சதுப்பையும் தூர்த்தனர், ஏழைகள் கூடையால் செய்ததை அவர்கள் மணல்வாரிக் கப்பல்களால் செய்தனர். மழைநீர் தங்கிச் செல்ல இருந்த இடங்கள் இரு தரப்பினராலும் மறைந்தன.

1999இல் மக்களாட்சி திரும்பிய பின், நடுவண் அரசு தரும் எண்ணெய்ப் பங்கை மட்டும் நம்பாமல், லாகோஸ் மாநிலம் வரி வசூலிக்கத் தொடங்கியது. 2008இல் தனித்தடப் பேருந்துகள் ஓடின, சாலைகள் சீரடைந்தன. மக்கள் பணம் கொடுத்ததும் அரசின் காது சற்றுக் கேட்கத் தொடங்கியது எனலாம். ஆனால் அந்தக் காது எல்லாருக்கும் ஒன்றுபோல் கேட்கவில்லை. காயலின் மேல் மரக்கால்களில் நிற்கும் மீனவர் குடியிருப்பான மக்கோக்கோவுக்கு, 2012 சூலையில் 72 மணி நேரத் தவணையோடு வெளியேற்ற அறிவிப்பு வந்தது. வீடுகள் சில வெட்டி வீழ்த்தப்பட்டன. ஊர்ப் பெரியவர் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகே அது நிறுத்தப்பட்டது.

அதே மக்கோக்கோவில் 2013இல், குன்லே அடெயெமி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த மிதக்கும் பள்ளி திறக்கப்பட்டது. நெகிழிப் பீப்பாய்களின் மேல் மரச்சட்டங்களால் எழுப்பிய மூன்றடுக்கு முக்கோணம் அது. வெள்ளம் ஏறினால் பள்ளியும் ஏறும். உலகெங்கும் இதழ்கள் அதன் படத்தை வெளியிட்டன. 2016 சூன் 7ஆம் நாள் கனமழையில் அப்பள்ளி சரிந்து விழுந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. கட்டடம் ஆட்டம் கண்டதால் அவர்களை முன்னரே பழைய பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள்.